சத்தம் போடாத மெஷின்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிறது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அது சுத்தப் பொய். எனக்குக் கோபம் வருவதில்லை, வரவழைக்கிறார்கள். பட்டறைக்கு மேலே மாடியில் ஓர் அம்மாள் பகல் முழுக்கத் தூங்குகிறார், அதனால் நான் மெஷின் ஓட்டக் கூடாது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். மாடியும் அவருடையது, கீழே நான் வாடகைக்கு இருக்கும் இடமும் அவருடையது. எங்கள் வீட்டில் அவருக்கு மாடியம்மா என்று பெயர். போன வருஷம் வரை பகல் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு போனதும் நான் மெஷினைப் போடுவேன், திரும்பி வருவதற்குள் கூட்டிப் பெருக்கிவிடுவேன். ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாமல் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் அவரை இரவு டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். பிடித்தது சனி.

நான் மரவேலை செய்கிறவன், பெரும்பாலும் நாற்காலி. நாற்காலி என்றால் பார்ப்பவர்களுக்கு மரம்தான் தெரியும். செய்கிறவனைக் கேட்டால், நாற்காலி என்பது நிறையத் துளைகளும் அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் மரமும் என்பான். கால் செருக ஒரு துளை, குறுக்குக் கட்டைக்கு ஒரு துளை, முதுகுச் சாய்வில் வரிசையாகத் துளைகள். அறுப்பதை மில்லில் அறுத்துக்கொள்ளலாம், இழைக்க இழைப்புளி இருக்கிறது. துளைக்கு மட்டும் கரண்ட் மெஷின்தான். அந்த மெஷின் இருந்த இடமோ மாடியம்மாவின் கட்டிலுக்கு நேர் கீழே.

ஒரு நாள் மத்தியானம் அவர் கீழே இறங்கி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தம்பி, இது சரிப்பட்டு வராது. மெஷினை நிறுத்துங்க, இல்லைன்னா வேற இடம் பாத்துக்கோங்க. கையால என்ன வேணா செய்யுங்க. தட்டுங்க, இழைங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கரண்ட்ல ஓடுறது மட்டும் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஓடக் கூடாது."

வேறு இடமாம்! இந்தத் தெருவில் பட்டறைக்கு என்று கேட்டாலே கதவைச் சாத்துகிறார்கள். போதாததற்கு நாங்கள் குடியிருப்பதும் பட்டறைக்குப் பின்னால் இதே வீட்டில்தான். என் மனைவி தையல்காரி. ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின் இருக்கிறது, அவளுக்கு வருகிற வாடிக்கை எல்லாம் அந்த ஜன்னலுக்குத்தான் வருகிறது. இந்த இடம் போனால் என் தொழில், அவள் தொழில், தலைக்கு மேல் கூரை, எல்லாம் ஒரே மூட்டையாகப் போய்விடும். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நாற்காலி செய்து தருவதாக வேறு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மேல் மட்டும் மெஷின் ஓட்டினால் அதில் பாதிகூட முடியாது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பழைய இரும்புக் கடைப் பக்கம் போனபோதுதான் அதைப் பார்த்தேன். தார்ப்பாய் பறக்காமலிருக்க அதன் மேல் எதையோ தூக்கி வைத்திருந்தார்கள். துருப்பிடித்த ஒரு பெரிய சக்கரம், அதில் கைப்பிடி போடும் இடம், உள்ளே ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள், கீழே துளைக்கும் அலகு மாட்ட ஒரு தண்டு. சுவரில் பொருத்திக் கையால் சுற்றித் துளை போடும் மெஷின்! எங்கள் எல்லோருக்கும் முந்திய காலத்துச் சரக்கு. மேலே பல் வெட்டிய ஒரு சின்னச் சக்கரமும் அதைத் தள்ள ஓர் இரும்பு விரலும் இருந்தன. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த விரல் ஒரு பல்லைத் தள்ளும், அலகு ஒரு மயிரிழை கீழே இறங்கும். அழுத்தக்கூட வேண்டாம். கரண்ட் வேண்டாம். என்ன விலைக்கு வாங்கினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன், என் மனைவி படிக்கக்கூடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, இது என்னது?"

"துளை போடுற மெஷின்."

"இதுக்கே ஆயிரம் துளை விழுந்திருக்கு. இது எங்கேருந்து துளை போடும்?"

சொல்லிவிட்டுப் போனை எடுத்து நாலா பக்கமும் படம் பிடித்துத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். 'இந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்திருக்கார்' என்று கீழே ஒரு வரி வேறு. அக்காவிடமிருந்து சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மூஞ்சிகளாக வந்து விழுந்தன. இரண்டு பேரும் சேர்ந்து என் மானத்தை வாங்கினார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் விலையைக் கேட்பாள்.

உதவிக்கு என் மைத்துனனைக் கூப்பிட்டேன், மனைவியின் தம்பி. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் கை பட்டது எதுவும் பளபளக்காமல் இருக்காது, அதனால் பளபளா என்றே கூப்பிடுகிறோம். நசுங்கிக் கிழிந்த காரைக் கொடுத்தால், எங்கே அடிபட்டது என்று கார்க்காரனுக்கே தெரியாதபடி திருப்பிக் கொடுப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் கழற்றும் படலம். சக்கரத்தைப் பிடித்திருந்த நட்டு அசைந்து கொடுக்கவில்லை. எண்ணெய் விட்டோம், சுட வைத்தோம், ஸ்பானரில் நீள பைப்பைச் செருகி நானும் அவனும் தொங்கினோம். என் முகம் சிவந்து, அவன் சட்டை கிழிந்து, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்த பிறகு, ஜன்னலோரத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்த என் மனைவி, "இந்தப் பக்கம் சுத்திப் பாத்தீங்களா?" என்றாள். அது இடப்பக்க மரை. அதுவரை நாங்கள் உயிரைக் கொடுத்து இறுக்கிக்கொண்டிருந்தோம். மறுபக்கம் திருப்பியதும் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது.

அடுத்தது துரு. பல்சக்கரங்களையும் தண்டையும் வினிகரில் ஊறப்போட வேண்டும். அதற்கு அகலமான தொட்டி வேண்டும். துணி அலசுகிற தொட்டி அகலமாக இருந்தது. அதை எடுத்ததற்காக நான் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் ஊறி முடித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் கழுவித் துடைத்தபோது, அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் நேற்றுத்தான் வெட்டியதுபோல இருந்தன. தண்டில் ஒரு கோணல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துருவுக்கு அடியில் இவ்வளவு நல்ல வேலை ஒளிந்திருக்கிறதே என்று அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கைப்பிடியை மட்டும் நான் புதிதாகச் செய்தேன். பழைய கட்டில் கால் ஒன்றை இழைத்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி உருட்டிப் போட்டேன். வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

"உடம்புக்கு நான் பெயின்ட் அடிச்சுத் தரேன் மாமா" என்றான் பளபளா. "நீங்க இந்தப் பக்கமே வராதீங்க."

எனக்கும் மில்லில் மரம் அறுக்க வேண்டியிருந்தது. அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பட்டறை நடுவில் கிளிப்பச்சை நிறத்தில் ஒன்று நின்றது. அதில் என் முகம் தெரிந்தது. தலை வாரிக்கொள்ளலாம்.

"வார்ப்புலயே ஏகப்பட்ட கோளாறு மாமா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இப்ப தடவிப் பாருங்க."

தடவினேன். வழவழவென்று இருந்தது. என் மனைவிகூட வந்து தடவிவிட்டு, தன் அக்காவுக்கு இன்னொரு படம் அனுப்பினாள். இந்த முறை சிரிப்பு மூஞ்சி வரவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டினேன், பல்சக்கரங்களுக்கு கிரீஸ் அப்பினேன், சுவரில் நாலு போல்ட் போட்டு ஏற்றினேன்.

மறுநாள் மத்தியானம் மாடியம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போதே முதல் துளையைப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன். எல்லாம் திமிர்தான். நாற்காலிக் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, பளபளாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சுற்றினேன். முதல் சில சுற்றுகள் வெண்ணெயாகப் போயின. அப்புறம் ஒரு முனகல். அடுத்து அது கத்தியது. தகரத்தில் ஆணியை இழுத்தால் பல் கூசுமே, அந்தச் சத்தம், ஆனால் தெரு முழுக்கக் கேட்கும்படி. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காகம் பறந்தது. துளை இன்னும் பாதி இருக்கிறதே என்று நான் முட்டாள்தனமாக இன்னும் நாலு சுற்றுச் சுற்றினேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடியை விட்டேன்.

மாடியம்மா வாசலில் நின்று பச்சை மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கரண்ட்ல ஓடுதா?"

"இல்லைங்க. கையால ஓடுறது. சத்தமே வராதுங்க."

"சத்தமே வராதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தம்பி, கோவத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்க. நேத்து ராத்திரி ஊசிக்கு மருந்து எடுக்கிறப்ப எனக்குக் கண்ணு சொருகிச்சு. கையில இருந்தது யாரோ பெத்த புள்ளையோட உயிரு. அதுக்கு மேல என்னால என்ன சொல்ல முடியும்? நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். நாளைக்கும் தூங்க முடியலைன்னா நீங்க வேற இடம் பாத்துடுங்க."

அவர் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பளபளா சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்டைத் தொட்டு, "ஐயோ" என்று விரலை உதறினான். அது கொதித்தது.

என் மனைவி தன் தையல் மெஷினிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தாள். மெஷினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள், அண்ணாந்து பார்த்தாள்.

"எண்ணெய் எங்கே விடுறது?"

"தண்டுக்கு மேலே ஓட்டை இருக்கும் பாரு" என்றேன்.

"எங்கேயும் ஓட்டை இல்லையே."

"இருக்கும். இந்த மாதிரி மெஷின்ல ஒவ்வொரு தண்டுக்கும் மேலே எண்ணெய் விட ஒரு ஓட்டை வெச்சிருப்பாங்க. அதை நம்பித்தானே நான் தண்டுல எண்ணெய் தடவாமலே பூட்டினேன்..."

சொல்லிக்கொண்டே பளபளாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் மெஷினை விடப் பச்சையாக இருந்தது.

"ஓட்டைன்னா... சின்னச் சின்னதா, ரவுண்டா?"

"ஆமா."

"அதையெல்லாம் பட்டி வெச்சு அடைச்சுட்டேன் மாமா."

"என்னது?"

"பின்னே? ஓட்டையோட பெயின்ட் அடிச்சா பாக்கிறவன் என்ன சொல்லுவான்? பட்டி வெச்சு, காய விட்டு, தேச்சு, மறுபடி பட்டி வெச்சு, வழவழன்னு ஆக்கி..."

அப்போது எனக்கு வந்ததுதான் கோபம். கையில் அகப்பட்ட மரச்சுத்தியை எடுத்தேன். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அவனை அப்புறம் அடிச்சுக்கலாம். முதல்ல ஓட்டை எங்கே இருந்துச்சுன்னு கேளுங்க."

கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. தடவிப் பார்த்தான், தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினான். எங்கே அடிபட்டது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதானே அவன் வித்தை! தன் வேலையைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் பாவம் அவன் அழுதே விட்டான். அழுகைக்கு நடுவிலும் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்ததாகத்தான் எனக்குச் சந்தேகம்.

திடீரென்று என் மனைவி போனை எடுத்தாள். என் மானத்தை வாங்கிய படங்கள்! துருவும் தூசியுமாக, நாலா பக்கமும் பிடித்தவை. பெரிதாக்கிப் பார்த்தால் தண்டுகளுக்கு மேலே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று மட்டும் படத்தில் விழவில்லை. "அங்கேதான் நெறைய பட்டி செலவாச்சு" என்று பளபளாவே காட்டிக்கொடுத்தான். 'புது மாப்பிள்ளை' படத்தைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்தே பார்த்ததில்லை.

சாயங்காலம் மாடியம்மா டியூட்டிக்குக் கிளம்பிப் போனதும் வேலையை ஆரம்பித்தோம். கரண்ட் மெஷினைத் தூக்கினேன். "அதால போட்டா உள்ளே தண்டையும் சேத்துத் துளைப்பீங்க" என்று என் மனைவி பிடுங்கி வைத்துவிட்டாள். குத்தூசியால்தான் தோண்ட வேண்டியிருந்தது. நான் தோண்டப் போனதும் பளபளா தடுத்தான். "நீங்க சிராய்ச்சிருவீங்க மாமா, நானே எடுக்கிறேன்." ஒவ்வொரு ஓட்டையாக, வட்டம் பிசகாமல், அவனே தோண்டினான். தோண்டி முடித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்ன பிரஷ்ஷால் சிவப்பு வளையம் போட்டான். இனிமேல் குருடன்கூட அடைக்க மாட்டானாம். என் மனைவி எண்ணெய் விட்டுக்கொண்டே போக, நான் மெல்லச் சுற்றினேன். முனகல் குறைந்தது, நின்றது. கடைசியில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம். கைப்பிடி ஒரு சுற்று வரும்போது அந்த இரும்பு விரல் ஒரு பல்லைத் தள்ளும். டிக்.

"இந்த டிக்கையும் நிறுத்த முடியாதா?" என்றாள்.

முடியாது. அது நின்றால் அலகு இறங்காது.

மறுநாள் மத்தியானம் கடவுளை வேண்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். டிக். டிக். டிக். மரத்தூள் சுருள் சுருளாக வந்து என் கால்மேல் விழுந்தது. துளை அவ்வளவு சுத்தமாக வந்தது. மாடியில் சத்தம் இல்லை. ஒரு நாற்காலிக்கான கால்கள் முடிந்தன. நான் மரத்தை எடுக்கும்போது கைப்பிடியைப் பளபளா வாங்கிக்கொண்டான், அவன் களைத்தால் நான் வாங்கிக்கொண்டேன், சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் மாடியில் சத்தம் இல்லை. முதுகுச் சாய்வுகளும் முடிந்தன. அன்றைக்கு அறுத்து வைத்திருந்த மரம் அவ்வளவுதான். நான் வெற்றி பெற்றவனாகக் கைப்பிடியை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தேன்.

மேலே தொப்பென்று ஒரு சத்தம். படியில் யாரோ ஓடி வரும் சத்தம். செருப்பில்லாத கால்.

மாடியம்மா தலைவிரி கோலமாக உள்ளே வந்தார். கண் பாதிதான் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு விரலை வைத்து அழுத்தினார். இன்னொரு கையால் என் தாடையை நிமிர்த்திக் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

"மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்று பளபளா அலறினான். என் மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்து ஓடி வந்தாள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று அசையாமல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு முழுசாக விழிப்பு வந்தது. என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார். கையை விட்டுவிட்டு, இன்னும் பூட்டாத நாற்காலிச் சட்டத்தின் மேலேயே உட்காரப் போனார். என் மனைவி சட்டென்று தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்றார்.

"துளை முடிஞ்சிருச்சுங்க."

"வார்டுல ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு மெஷின் ராத்திரி பூரா இப்படித்தான் அடிச்சுட்டே இருக்கும். அது அடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கவலையில்ல. நின்னா ஓடணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நைட் டியூட்டிக்கு மாத்தினதுலேருந்து நான் தூங்கவே இல்ல தம்பி. உங்க கரண்ட் மெஷின் சத்தத்துலதான் முழிச்சுக்கிறேன்னு நெனச்சேன். அது இல்லை. அது நின்னு நின்னு ஓடும் பாருங்க, நிக்கிறப்பதான் முழிச்சிருக்கேன். இன்னிக்குத்தான் நல்லா தூங்கினேன். எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

 இத்தனை நாளாக இந்த அம்மாளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தூக்கத்தில்கூட யாருடைய மூச்சோ நின்றுவிட்டது என்று ஓடி வருகிறவரை. வெட்கமாக இருந்தது.

அவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார்.

"உங்களுக்கு நாடி கொஞ்சம் வேகமா அடிக்குது. டீயைக் குறைங்க." பிறகு மெஷினைக் காட்டி, "நாலு மணி வரைக்கும்" என்றார்.

"துளை போட மரம் இல்லைங்களே..."

அவர் அதற்குள் படியேறிவிட்டார்.

மேலே இரும்பு விரல் தள்ளுகிற சின்னச் சக்கரத்தின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் அலகு இறங்காமல் விரல் மட்டும் வெறுமனே தட்டும் என்று கண்டுபிடித்தேன். அன்று முதல் மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடுகிறது. நான் சுற்றுகிறேன். எனக்குக் கை வலித்தால் என் மனைவி ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் காஜா எடுக்கிறாள். லீவு நாளில் பளபளா வந்து, பட்டி வைத்த பாவத்துக்குச் சுற்றுகிறான். கை மாறும்போது ஒரு 'டிக்' கூடத் தவறக் கூடாது. நாற்காலிக்கு வந்த சாப்பாட்டுக் கடைக்காரர், "மரமே இல்லாம எதைங்க சுத்துறீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தோம். என்னைக் கோபக்காரன் என்கிறார்கள், நான் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பிடியைக் கொடுத்தேன். அவரும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போனார்.

நாலு மணி அடித்ததும் நிறுத்துகிறேன். உடனே மேலே கட்டில் கிறீச்சிடும், கால் தரையில் விழும், படியின் உச்சியிலிருந்து தூக்கக் குரலில் ஒரு கேள்வி வரும்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்மா" என்று கத்துவேன். "நாலு மணி ஆயிடுச்சு."